நல்ல கிடாவை விற்காதீர்!

சங்கரன்கோவில் வட்டாரத்து மானாவாரி விவசாயிக்கு, மழை பொய்த்த ஆண்டில் கைகொடுப்பது ஆடுதான். பருத்தியும் உளுந்தும் சோளமும் கருகிப் போனாலும், பட்டியில் நாலு வெள்ளாடு நின்றால் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் ஒரு வழி உண்டு. அந்த ஆட்டுக்கு முடிந்த மட்டும் தீனி வைக்கிறோம், தடுப்பூசியும் போடுகிறோம். ஆனால், பிறக்கப் போகும் குட்டிகளுக்குத் தகப்பன் எது என்பதை மட்டும் தரகரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம். இது நம் கையாலேயே நம் ஆட்டினத்தைக் கெடுத்துக்கொள்ளும் வேலை என்பதை விவசாய நண்பர்கள் உணர வேண்டும்.

கன்னி ஆடு எப்படி உருவாயிற்று?

சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பகுதிகளுக்கு உரிய வெள்ளாட்டு இனம் கன்னி ஆடு. உடல் கறுப்பு. முகத்தின் இரு பக்கமும், காதிலும், அடிவயிற்றிலும், கால்களின் உட்புறத்திலும் வெள்ளை தெரிந்தால் பால் கன்னி. செம்பழுப்பு தெரிந்தால் செங்கன்னி. நெடிய கால்கள், குட்டையான மயிர். இரட்டைக் குட்டி போடுவது இதற்குச் சாதாரணம். அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது.

இந்த ஆட்டை எந்த விஞ்ஞானியும் பண்ணையில் வைத்து உண்டாக்கவில்லை. மனிதன் வெள்ளாட்டை வளர்க்கத் தொடங்கியது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய ஈரான் நாட்டு மலைப்பகுதியை ஒட்டி. அங்கிருந்து பரவி வந்த ஆடுகளின் வழித்தோன்றல்கள் நம் கரிசலிலும் மேய்ந்தன. வெயில் தாங்காதவை செத்தன. உடைமர இலையையும் முள்ளுச் செடியையும் தின்று செரிக்க முடியாதவை இளைத்தன. வறட்சியில் மடி வற்றிய தாயின் குட்டிகள் பிழைக்கவில்லை. தாக்குப்பிடித்தவை மட்டும் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளிலும் தாக்குப்பிடித்தவையே மிஞ்சின. இப்படிப் பல நூறு தலைமுறைகள் கழிந்த பிறகுதான் கன்னி ஆடு என்ற இனம் நமக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆடு வெயிலில் மேய்ந்து பழகிக்கொள்வது வேறு. ஓர் இனம் வெயிலுக்கு ஏற்றதாக மாறுவது வேறு. பழக்கம் அந்த ஆட்டோடு போய்விடும். 'ஜீன்' என்று சொல்லப்படும் மரபணுவில் இருப்பதுதான் குட்டிக்கு இறங்கும். மரபணுவில் சிறு சிறு மாற்றங்கள் தற்செயலாக எப்போதும் நேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எது நிலைக்க வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்பவை மண்ணும் மழையும் வெயிலும் நோயுமே.

மனிதருக்கும் இதே விதி

மனிதனும் இந்த விதிக்கு விலக்கல்ல. நீலகிரியில் வாழும் பழங்குடி மக்கள் சிலரின் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் தன்மை கொண்டவை என்பது 1952-ல் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இது தெரியவந்தது அதுவே முதல் முறை. இதற்குக் காரணமான மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், கொடிய மலேரியாக் காய்ச்சலிலிருந்து பிள்ளைக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் கடும் இரத்தசோகை நோய் வாட்டுகிறது. மலேரியா மலிந்த இடங்களில் இந்த மரபணு நிலைத்ததற்கு அதன் பாதுகாப்பே காரணம். மலேரியா இல்லாத ஊரிலோ அதனால் மிஞ்சுவது துன்பம் மட்டுமே.

ஆகவே, இடத்தை விட்டுவிட்டு உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பேசுவதில் பொருளில்லை. மேற்கு மலைக்கு அப்பால், கேரளத்து மழையிலும் ஈரக்காற்றிலும் தேறியது தலைச்சேரி ஆடு. யமுனை, சம்பல் ஆற்றுப் பகுதிகளில் தேறியது ஜமுனாபாரி. தென் ஆப்பிரிக்காவில் இறைச்சிக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது போயர். அந்தந்த இடத்தில் அவை நல்ல ஆடுகளே. சித்திரை வெயிலில் கரிசல் தரிசில் நடந்து மேய்ந்து, இரண்டு குட்டிக்குப் பால் கொடுக்க அவற்றால் முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்று தீர்ப்புச் சொல்வது யார்?

முன்பு கோடை தீர்ப்புச் சொன்னது. இன்று சந்தை சொல்கிறது. தரகர் வந்தால், நாலு கிடாக்குட்டியில் கொழுத்தது எதுவோ அதைத்தான் பிடிப்பார். எட்டயபுரம் சந்தைக்கும் மேலப்பாளையம் சந்தைக்கும் முதலில் போவது வேகமாக வளர்ந்த குட்டி. விலை போகாத நோஞ்சான் பட்டியில் நின்றுவிடுகிறது. நாலைந்து மாதத்திலேயே அது பெட்டைகளோடு சேரத் தொடங்கும். அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு அதுவே தகப்பன். சில ஆண்டு சென்றதும், "கன்னி ஆட்டுக்கு வளர்த்தி போதாது" என்று குறைப்படுகிறோம். குற்றம் இனத்தின் மேல் இல்லை. நன்றாக வளரும் மரபணுவை ஆண்டுதோறும் லாரியில் ஏற்றி அனுப்பியவர்கள் நாம்தான்.

வளர்த்தி போதவில்லை என்று வெளியூர்க் கிடாவைக் கொண்டுவந்து விட்டால், முதல் கலப்பில் கன்னி இரத்தம் பாதி. அந்தக் கலப்புப் பெட்டைக்கும் வெளியூர்க் கிடாவையே சேர்த்தால் கால் பங்கு. அதற்கு அடுத்த தலைமுறையில் அரைக்கால். பல நூறு தலைமுறையில் சேர்ந்த சொத்து ஆறேழு ஆண்டுகளில் கரைந்துவிடும்.

கென்யா நாட்டில் இது நடந்தேவிட்டது. அங்கே மசாய் மக்கள் வளர்த்த சிவப்புச் செம்மறி, குடற்புழுவை எதிர்த்து நிற்கும் தன்மை உடையது. 1970-களின் நடுவிலிருந்து, உடல் பெருத்த டார்பர் கிடாக்கள் அங்கே பரப்பப்பட்டன. கலப்புக் குட்டிகள் நல்ல விலை போனதால் எல்லோரும் அதையே விரும்பினர். பின்னர் பல இடங்களில் டார்பர் ஆடுகள் வறட்சியையும் புழுவையும் தாங்கவில்லை. அப்போது பழைய இனத்தைத் தேடினால், கலப்பில்லாத மந்தை கிடைப்பதே அரிதாகியிருந்தது.

கலப்பே கூடாது என்பது வாதமல்ல. கிணற்றுப் பாசனமும் பசுந்தீவனமும் கொட்டிலும் உள்ளவர்கள், முதல் கலப்புக் குட்டிகளை வளர்த்து அத்தனையையும் கறிக்கு விற்றுவிட்டால் லாபம் பார்க்கலாம். கலப்புப் பெட்டையைத் தாயாக நிறுத்தி, காய்ந்த காட்டில் மேய விடுவதில்தான் ஆபத்து.

புழுவும் மாறுகிறது

ஆடு மட்டுமல்ல, ஆட்டின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழுவும் மரபணு விதிக்கு உட்பட்டதே. மந்தை முழுவதற்கும் அடிக்கடி ஒரே மருந்தைக் கொடுத்தால், அந்த மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். இப்படி மருந்துக்கு அடங்காத புழுக்கள் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் கண்டறியப்பட்டுள்ளன. இதற்குத் தென் ஆப்பிரிக்காவில் எளிய வழி ஒன்று கண்டார்கள். ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம், வெளுத்திருந்தால் கொடுங்கள். அளவையும் மருந்தையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இமை அடிக்கடி வெளுக்கும் ஆட்டின் குட்டியை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, கிடாக்குட்டியைக் கோடையில் தேர்ந்தெடுங்கள். மார்கழியில் பச்சை நிறைந்திருக்கும்போது எல்லாக் குட்டியும் நன்றாகத்தான் தெரியும். வைகாசியிலும் உடல் வற்றாத குட்டியே நம் மண்ணுக்கு ஏற்றது. இரட்டையில் ஒன்றாகப் பிறந்ததா, தாய் இரண்டு குட்டியையும் காப்பாற்றியதா என்று பாருங்கள். மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் எடை போட்டுக் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, தேர்ந்தெடுத்ததைத் தவிர மற்றக் கிடாக்குட்டிகளை மூன்று மாதம் முடியும் முன்பே கால்நடை மருத்துவமனையில் காயடித்துவிடுங்கள்.

மூன்றாவது, இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். நாலைந்து ஆடு வைத்திருப்பவர் தனியாகக் கிடா வளர்க்க வேண்டியதில்லை. ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒரு கிடாவை வைத்துத் தீனிச் செலவைப் பகிரலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அடுத்த ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் தன் மகளோடே சேர்ந்து ஊனமும் சாவும் பெருகும்.

"நல்ல கிடாவை நிறுத்தினால் கைக்கு வரும் பணம் போகுமே?" என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். நல்ல குட்டிக்கும் நோஞ்சானுக்கும் எடையில் நாலு கிலோ வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனின் கூடுதல் எடையில் சிறு பங்கே குட்டிக்கு இறங்கும்; குட்டிக்கு அரைக் கிலோ என்றே கொள்ளுங்கள். இரண்டு ஆண்டில் அந்தக் கிடாவுக்கு 60 குட்டி பிறந்தால், ஊருக்கு 30 கிலோ உயிர் எடை கூடுதல். இழப்பு நாலு கிலோ, வரவு 30 கிலோ. அந்த இழப்பையும் கிடாவை நிறுத்தியவர் தலையில் மட்டும் கட்டாமல், சேர்ந்து வைத்திருக்கும் வீட்டார் பகிர்ந்துகொள்வதே நியாயம்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடுகள் என்று கொடுக்கப்பட்டன. நல்ல திட்டம். இத்தகைய திட்டம் எதுவானாலும், அந்தந்த வட்டாரத்து இனத்தையே கொடுக்க வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். கரிசலில் கன்னிக் கிடாவை நிறுத்திக் காப்பாற்றும் விவசாயிக்கு ஆண்டுதோறும் ஒரு பராமரிப்புத் தொகை கொடுத்தாலும் தகும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை தரகர் வாசலுக்கு வரும்போது, முதலில் கை வைக்கும் கிடாக்குட்டிக்கு மட்டும் "அது விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிவிடுங்கள். மற்றவற்றுக்கு விலை பேசுங்கள்.