மாத்திரை நோயாளிக்கு, பருப்பு யாருக்கு?

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் ஒருவருக்குச் சளிப் பரிசோதனையில் டிபி எனும் காசநோய் உறுதியானால், சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருவார். மாத்திரை கைக்கு வரும். ஆதாரும் வங்கிப் புத்தகமும் வாங்கி, மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகைக்குப் பதிவு செய்வார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று விசாரிப்பார்கள். தடுப்பு மாத்திரையும் எழுதிக் கொடுப்பார்கள். எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் மாதக்கணக்கில் அதே இருமலுக்குப் பக்கத்தில் படுத்துறங்கிய மனைவியையும் மக்களையும் எடை பார்த்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, அவர்களுக்கும் அரிசி பருப்பு கொடுப்பது இன்னும் அரசின் கட்டாயக் கடமையாகவில்லை. அதைக் கடமையாக்க வேண்டும். காரணம் அவர்களுடைய ரத்தத்தில் இருக்கிறது.

காசநோய்க் கிருமி உடலுக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்து பேர்தான் வாழ்நாளில் நோயாளியாகிறார்கள். மற்றவர்களுக்குள் கிருமி அடங்கிக் கிடக்கிறது, அல்லது அழிந்துபோகிறது. அதை அடக்கி வைப்பதில் பெரும்பங்கு டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களுடையது.

இருமலில் தெறித்த கிருமி நுரையீரலின் கடைக்கோடிக் காற்றுப்பையை எட்டியதும், அங்கிருக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல் அதை விழுங்கிவிடும். வேறு பல கிருமிகளாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். காசநோய்க் கிருமியோ தன்னைச் செரிக்கவிடாமல் தடுத்து, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகத் தொடங்குகிறது. இன்னொரு வகைச் செல் கிருமியின் துணுக்குகளை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் டி செல்களிடம் காட்டுகிறது. அங்கே இன்டர்லூகின்-12 என்ற சமிக்ஞைப் பொருள் சுரக்க, அந்தத் துணுக்கை அடையாளம் காணும் டி செல் ஒன்று பலவாகப் பெருகி நுரையீரலுக்குத் திரும்புகிறது. இதற்கே சில வாரங்கள் பிடிக்கும். வந்து சேர்ந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும். அது பட்ட பிறகுதான் மேக்ரோபேஜுக்குத் தன் வயிற்றுக்குள் கிடப்பதைக் கொல்லும் வலு வருகிறது. டிஎன்எஃப் என்ற மற்றொரு பொருள், செல்களைச் சுற்றிலும் குவித்துக் கிருமியைச் சிறு முடிச்சுக்குள் அடைத்து வைக்க உதவுகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு நேரில் பார்த்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். எச்ஐவி குறிவைத்து அழிப்பது சிடி4 வகை டி செல்களை. அவை குறையக் குறைய, பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியது. காசநோய்க்கென்று பெயர்பெற்ற தாம்பரம் சானட்டோரியம், எச்ஐவி நோயாளிகளின் பெரிய புகலிடமாகவும் ஆனது. 2001இல் வெளிநாட்டிலிருந்து இன்னொரு சான்று வந்தது: மூட்டுவாதத்துக்காக டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலருக்கு உறங்கிக் கிடந்த காசநோய் விழித்தது. அதனால்தான் இன்று அந்த ஊசிக்கு முன் டிபி பரிசோதனை செய்கிறார்கள்.

எச்ஐவி செய்வதை அரைவயிறும் ஓரளவு செய்கிறது. டி செல்கள் பெருகுவதற்குப் புரதமும் ஆற்றலும் வேண்டும். கடும் சத்துக்குறைவில் வாடும் குழந்தைக்கு, டி செல்கள் முதிர்ச்சி பெறும் தைமஸ் சுரப்பியே சுருங்கிவிடும். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோய் இல்லாமல் கிருமி மட்டும் உள்ளவர்களில், எடை குறைந்தவர்களின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் காமாவும் டிஎன்எஃப்பும் குறைவாக இருப்பதை அதில் காட்டினார்கள். கடலூர் மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளின் காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. அந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் எடை குறைந்தவர்கள்.

அப்படியிருந்தும் உணவு ஏன் இத்தனை காலம் பின்வரிசையிலேயே நின்றது? அதற்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கி 1959இல் வெளியான ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பாதியினர் சானட்டோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தார்கள். மறுபாதியினர் வீட்டிலிருந்து, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மாத்திரைகளை விழுங்கினார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரேபோல் தேறினார்கள். வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்ற அந்த முடிவு கோடிக்கணக்கான ஏழைகளைக் காப்பாற்றியது. அதற்கு உலகமே சென்னைக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் மாத்திரை இருந்தால் சாப்பாடு எப்படி இருந்தாலும் சரி என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஆய்வு கேட்டது, நோய் வந்தவர் குணமாவாரா என்பதை. நோய் வராமலிருக்க உணவு உதவுமா என்பதை அது கேட்கவே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை ஜார்க்கண்டிலிருந்து வந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்கள், அதே சென்னை நிறுவனத்தையும் தேசியக் காசநோய்த் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டு 2019 முதல் 2022 வரை நான்கு மாவட்டங்களில் நடத்திய ஆய்வு அது. 2,800 நோயாளிகள், அவர்களின் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை கிடைத்தது. ஒரு பிரிவில் வீட்டாருக்கும் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023 ஆகஸ்டில் முடிவு வெளியானது: உணவு பெற்ற வீட்டாரிடையே காசநோய் 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோயோ 48 சதவீதம் குறைந்தது. ஊசியும் இல்லை, புது மருந்தும் இல்லை, அரிசியும் பருப்பும்! செங்கல்பட்டில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்கேற்ற பிசிஜி தடுப்பூசி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரியவந்ததை நினைத்தால், இந்த எண்களின் மதிப்பு புரியும்.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நோயாளியின் எடை, மூச்சு, எழுந்து நிற்கும் தெம்பு ஆகியவற்றைப் பார்த்து, அபாய நிலையில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. நோயாளியின் எடையைப் பார்க்கப் பழகிய அதே கைகளுக்கு அவருடைய வீட்டாரின் எடையைப் பார்ப்பது பெரிய வேலையாக இருக்காது. குடும்பத்துக்கும் உணவுப் பை தரலாம் என்று மத்திய அரசு 2024இல் வழி திறந்தது. ஆனால் அது நன்கொடையாளர் முன்வந்தால்தான் கிடைக்கும். கொடையாளர்கள் நகரத்துக்குப் பக்கத்தில் கிடைப்பார்கள். முந்திரிக் காட்டோரக் குடியிருப்புக்கு எத்தனை பேர் வருவார்கள்?

அரிசி ரேஷன் கடையில் விலையில்லாமல் வருகிறது. குறை பருப்பில்தான். ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. ஜார்க்கண்ட் கணக்குப்படி பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு ஆறு கிலோ வேண்டும். சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் அதற்குப் பிந்தைய ஆறு மாதமும் காசநோய் வீட்டின் அட்டைக்கு குறையும் ஐந்து கிலோவைக் கூட்டிக் கொடுக்க, கடை இருக்கிறது, அட்டை இருக்கிறது, நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் அரசின் கணினியில் இருக்கிறது. அட்டையில் நோயின் பெயர் தெரியாமல் செய்ய வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஊர் வாயில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பலர் பருப்பையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். கடலூர் மாவட்டத்தில் கம்மாபுரம் போன்ற ஓர் ஒன்றியத்தில் இதை ஓராண்டு நடத்திப் பார்க்க, மாநில அரசின் ஓர் ஆணை போதும்.