உறுமலும் உயிரும்

நமுனுகுல லயன் அறையொன்றில், ஒலிபெருக்கியின் உறுமலைப் போக்கவென்று பிளக்கின் புவித்தொடுப்பு முனையை வெட்டியெறிபவனைக் கைதேர்ந்தவன் எனப் புகழ்வது வெறும் அறியாமையே. அவ்வுறுமல் 50 ஹேர்ட்ஸ் மின்வழங்கலின் குரல். இணைந்த இரு கருவிகள் வெவ்வேறு வழியாகப் புவியைத் தொடுகையில் எழுவது. இரண்டையும் ஒரே குதையில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும், செலவுமில்லை. முனையை வெட்டினாலும் அடங்கும்தான்! ஆனால் அம்பிளிபயரின் உலோக உடலை உள்ளிருக்கும் 230 வோல்ற்றுக் கம்பி தீண்டும் நாளில், மின்னோட்டத்துக்கு எஞ்சும் வழி அதனைத் தொடும் பிள்ளையின் கையே.

தடித்த செப்புக் கம்பிக்குச் சம்பளத்தைக் கொட்டுவதும் வீண். 1 சதுர மில்லிமீற்றர் கம்பி 5 மீற்றர் தூரம் போய்வர ஏறத்தாழ 0.17 ஓம் தடையே தரும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு அது பொருட்டன்று. லயனுக்கு வேண்டியவை முறையான புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும். அவற்றைக் கேட்டுப் பெறவேண்டிய இடம் தோட்ட நிர்வாகமேயன்றிக் கம்பிக் கடையன்று.