இரவில் புறப்பட்ட தாய்



திருக்குடும்பத் திருவிழாவன்று நம் ஆலயங்கள் பலவற்றில் கணவனும் மனைவியும் கைகோத்து நின்று திருமண வாக்குறுதியைப் புதுப்பிக்கின்றனர். அழகான வழக்கம். ஆயினும் அத்திருவிழாவுக்கெனத் திருச்சபை தெரிந்துகொண்ட நற்செய்திப் பகுதிகளுள் ஒன்று, ஒரு குடும்பம் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடிய வரலாறு என்பதை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. பாலகனின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது, பொறுத்துக்கொண்டிரு என்று வானதூதர் யோசேப்புக்குச் சொல்லவில்லை. பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பியோடும்படி பணித்தார். யோசேப்பும் விடியும்வரை காத்திருக்கவில்லை.

அக்குடும்பத்துக்கு ஆபத்து அரண்மனையிலிருந்து வந்தது. திருஇருதயப் படத்தின் முன் சிவப்பு விளக்கு எரியும் வீட்டுக்குள்ளேயே ஆபத்துக் குடியிருப்பதும் உண்டு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, நம் நாட்டில் கணவரோடு அல்லது துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐந்தில் ஒருவர் அவரால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ துன்புறுத்தப்பட்டிருக்கிறார். அவர்களுள் நம் பங்கு மக்கள் இல்லையென்று எண்ணுவோர் ஒரு மாத காலம் பங்குத்தந்தையின் அறைவாசலில் இருந்து பார்க்கட்டும்.

நான் குருவாகிய புதிதில் ஒரு தாய் என்னிடம் வந்தார். சேலைத் தலைப்பால் கழுத்தை மூடியிருந்தார். "பொறுமையாயிருங்கள் அம்மா, செபியுங்கள், அவர் மாறுவார்" என்றேன். பின்னர் கணவரையும் அழைத்து இருவரையும் அருகருகே இருத்தி ஒரு மணி நேரம் புத்திமதி கூறினேன். அவர் தலைகுனிந்து கேட்டார். இருவரும் சேர்ந்து வீடு திரும்புவதைக் கண்டு ஆண்டவருக்கு நன்றி செலுத்தினேன். என்னிடம் முறையிட்ட குற்றத்துக்காகவே அன்றிரவு அவர் அடிபட்டார் என்பதைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தேன். குருமடத்தில் திருமணத்தின் பிரிக்கவியலாத் தன்மையைக் கற்றிருந்தேன். திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் இலக்கத்தையும் கற்றிருந்தேன். வேண்டிய வேளையில் முன்னையது மட்டுமே நினைவுக்கு வந்தது.

அந்த இலக்கம் கூறுவது இதுதான்: தம் துணைக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பாரதூரமான ஆபத்தை விளைவிப்பவர், மற்றவர் பிரிந்து செல்ல நியாயமான காரணத்தைத் தருகிறார். ஆயரின் தீர்ப்பைப் பெற்றுப் பிரியலாம். தாமதம் ஆபத்தாகுமெனில் தாமாகவே பிரிந்து செல்லலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில், சில வேளைகளில் இத்தகைய பிரிவு அறநெறிப்படி அவசியமாகவும் ஆகலாம் என்று எழுதினார். இது விவாகரத்து அன்று. திருமணப் பிணைப்பு அப்படியே இருக்கிறது. அந்தத் தாய் இன்னும் மனைவியே. அடிபடாத மனைவி.

சில ஆண்டுகளின் பின், துன்பத்திலிருந்து தப்பிவந்த பெண்கள் தங்கும் பாதுகாப்பு இல்லமொன்றில் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கன்னியர் என்னை அழைத்தார்கள். எந்த ஊர் என்று எழுதமாட்டேன், எழுதவும் கூடாது. வாயிலில் பெயர்ப்பலகை இல்லை. உயர்ந்த மதில். உள்ளே சமையல் முறைப்படி நடக்கிறது: ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் பிள்ளைகளைக் குளிக்கவார்க்க, ஒருவர் தையல் இயந்திரத்தில். கைத்தொலைபேசிகள் அணைக்கப்பட்டிருந்தன. வாயில் மணி ஒலித்தபோது பேச்செல்லாம் நின்றது. மரக்கறிக்காரர்தான் என்று தெரிந்த பின்பே மூச்சு வந்தது. அடி ஓய்ந்தாலும் பயம் உடனே ஓய்வதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையும் நண்பரையும் இழந்திருந்தார்கள். சிலர் அப்பாவைக் கேட்டு அழுதார்கள். அதுவும் உண்மைதான், மறைப்பானேன்?

திருப்பலிக்கு முன் ஒருவர் என்னிடம் வந்து, "சுவாமி, நான் வீட்டைவிட்டு வந்தவள். நன்மை வாங்கலாமோ?" என்று தயங்கிக் கேட்டார். ஏழு மாதங்களாக அவர் நற்கருணை உட்கொள்ளவில்லை. அடித்தவரோ ஞாயிறுதோறும் முன்வரிசையில் நின்று நன்மை வாங்கிக்கொண்டிருந்தார் என்று பின்னர் தெரிந்தது.

"வாங்குங்கோ அம்மா" என்றேன். அழுதார். நானும் என் பழைய பங்கின் அந்தத் தாயை நினைத்துக்கொண்டேன்.

அவரை நன்மையிலிருந்து விலக்கிவைத்தது யார்? திருச்சபை அன்று. 'கல்லானாலும் கணவன்' என்ற நம் பேச்சு. "பிள்ளைகளுக்காகவாவது திரும்பிப் போ" என்ற உறவினரின் கெஞ்சல். மனைவியர் பணிந்திருப்பதைப் பற்றிய புனித பவுலின் வாக்கை எடுத்துக்காட்டி, அதே அதிகாரத்தில் கணவன் மனைவியைத் தன் சொந்த உடலென அன்புசெய்ய வேண்டும் என்று அவர் கட்டளையிட்டதை விழுங்கிவிடும் என் போன்றோரின் மறையுரை. மன்னிப்பைப் பற்றியும் தவறாகப் போதித்துவிட்டோம். மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே அவர் மன்னிக்கலாம். மன்னித்ததற்கு அடையாளமாக அதே இரவில் அதே அறைக்குத் திரும்பும்படி எந்த நற்செய்தியும் கேட்கவில்லை. மனம் வருந்தியதாகக் கூறும் கணவர், குடியை விட்டு, கைநீட்டாதவராக நெடுங்காலம் வாழ்ந்து காட்டட்டும்.

நாட்டின் சட்டத்தையும் அறிந்துவைத்திருங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் அலுவலரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். 12 மாதங்கள்வரை அது செல்லுபடியாகும். அடித்தவர் வீட்டுக்குள் வருவதையும் தொடர்புகொள்வதையும் மன்று தடுக்கலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நள்ளிரவில் கதவைத் தட்டினால், முதலில் திறவுங்கள். காரணம் பிறகு கேட்கலாம். அவர் எங்கே போனார் என்று பின்னர் எவர் கேட்டாலும் வாய் திறவாதீர்கள், குருவானவர் கேட்டாலும்.

அந்தத் தாயின் மூத்த மகளுக்கு அவ்வாண்டு முதல்நன்மை. வாங்கிவைத்த வெள்ளைச் சட்டை பழைய வீட்டு அலுமாரியிலேயே கிடந்தது. இல்லத்துப் பெண்கள் சேர்ந்து வேறொன்று தைத்தார்கள். கை சற்று நீளமாகிவிட்டது. அயற்பங்கின் தந்தை அவளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டார். ஆலய விளம்பரப் பலகையில் ஒட்டிய பெயர்ப்பட்டியலில் அவள் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. புகைப்படத்துக்கும் அவளை நிறுத்தவில்லை. தாய் கடைசி வாங்கில் முக்காடிட்டு அமர்ந்திருந்தார்.