தலைதட்டிய வெளிச்சம்

சினிமா லேப் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். கேமராமேன்கள் கேட்டால் நாங்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "சந்தேகமா இருந்தா அரை ஸ்டாப் கூடவே கொடுங்க சார், நெகட்டிவ் தாங்கும்." தாங்கவும் செய்தது. வெளிச்சம் போதாமல் வெளுத்த நெகட்டிவோடுதான் எங்களுக்குப் போராட்டம்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, டிஜிட்டலில் எடுத்த ஒரு படத்துக்கும் அதே யோசனையைச் சொல்லிவிட்டேன். இரவுக் காட்சி. ஒரு பெண் அகல் விளக்கை ஏந்தி நடந்து போகிறாள். பின்னால் கோயில் மண்டபத்தை கிராஃபிக்ஸில் சேர்க்க வேண்டும். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தார்கள். முகம் நன்றாகத்தான் வந்தது. சுடர் இருக்க வேண்டிய இடத்தில் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு. கிராஃபிக்ஸ் பையன்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் சுடரைப் புதிதாக வரைந்தார்கள். "பரவாயில்லை சார்" என்றார்கள். எனக்குத்தான் பரவாயில்லாமல் போகவில்லை.

ஏன் இப்படி ஆனது? படியில் அரிசி அளப்பதை நினைத்துப் பாருங்கள். குவித்து அளந்தால் விளிம்புக்கு மேலேயும் கோபுரமாக நிற்கும். நெகட்டிவ் அப்படி. வெளிச்சம் ஏற ஏற அது வாங்கிக்கொள்வது மெல்ல மெல்லக் குறையுமே தவிர, சட்டென்று நின்றுவிடாது. டிஜிட்டல் சென்சார் தலைதட்டி அளக்கும் படி. ஒவ்வொரு புள்ளியும் நிரம்பும்வரை ஒழுங்காகக் கணக்கு வைக்கும். நிரம்பிய பிறகு வருவதெல்லாம் கீழே சிந்திய அரிசிதான். அகல் சுடரும் ஆர்க் விளக்கும் அதற்கு ஒரே வெள்ளை.

சாதாரணக் காட்சியில் இதைக் கண் மன்னித்துவிடும். கிராஃபிக்ஸில் மன்னிப்பு இல்லை. வெள்ளைச் சுவரின் வெளிச்சம் 1 என்றால், ஒரு விளக்கு 64 என்று வையுங்கள். கேமரா வேகமாகத் திரும்பும்போது அந்த விளக்கு 16 புள்ளிகளுக்கு இழுபட்டால், ஒவ்வொன்றுக்கும் 4 வரும். சுவரைவிடப் பளிச்சென்ற ஒரு கோடு கிடைக்கும். அதே விளக்கு 1 என்று தலைதட்டிப் பதிவாகி, பிறகு கணினியில் அதை இழுத்தால்? ஒவ்வொரு புள்ளிக்கும் பதினாறில் ஒரு பங்குதான். பளிச்சென்ற கோடு வர வேண்டிய இடத்தில் அழுக்குச் சாம்பல் நிறம். "ஏதோ ஒட்டவில்லையே" என்று நமக்குத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இதை அந்தக் காலத்திலேயே யோசித்தவர்கள் உண்டு. 1990களில் கோடாக் கொண்டுவந்த சினியான் முறையில், 0 முதல் 1023 வரையுள்ள அளவில் வெள்ளை அட்டையின் வெண்மையை 685இல் வைத்தார்கள். அதற்கு மேலே இருந்த இடமெல்லாம் சுடருக்கும் சூரியனுக்கும் ஒதுக்கியது. 2003இல் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த ஓப்பன் ஈஎக்ஸ்ஆர் கோப்பில் 64ஐ 64 என்றே எழுதி வைக்கலாம். 2010இல் வந்த ஆரி அலெக்சா, ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு விதப் பெருக்கத்தில் படித்து ஒன்றாகச் சேர்க்கிறது. ஒன்று இருட்டுக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு. ஆகவே, "ஃபிலிம் போச்சு, எல்லாம் போச்சு" என்று புலம்பும் என் வயதுக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. படி பெரிதாகிவிட்டது. ஆனாலும் அது தலைதட்டும் படிதான்.

நான் சண்டை போடுவது "அப்புறம் கிராஃபிக்ஸில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சோடு. இருட்டில் கொஞ்சம் குறைந்ததைத் தூக்கிவிடலாம், புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அதைக் குறைக்க வழி உண்டு. சிந்திய வெளிச்சத்தை அள்ள வழியே இல்லை. அதற்குப் பதில் ஒன்றை வரையலாம், அவ்வளவுதான். வரைகிறவன் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பையன்.

அதற்காக எல்லாவற்றையும் இருட்டாக எடுக்கச் சொல்லவில்லை. ரொம்பக் குறைத்தால் பச்சைத் திரைக்கு முன்னால் பறக்கும் முடியைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சூரியனின் வட்டம் தலைதட்டிப் போனால் யாரும் அழப் போவதில்லை. கதைக்கு எந்த வெளிச்சம் முக்கியமோ அது சிந்தாமல் பார்க்க வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே கேமராமேனும் கிராஃபிக்ஸ் மேற்பார்வையாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. விளக்கு மாறினால், அதே இடத்தில் ஒரு ஸ்டில் கேமராவால் குறைத்தும் கூட்டியும் ஐந்தாறு படம் எடுத்து வைத்தாலே போதும், அந்த விளக்கின் உண்மையான பலம் பின்னால் தெரிந்துவிடும். இதற்கு ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்.

அன்று அந்த அகல் விளக்கை யாராவது அப்படி எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். முப்பது வருட அனுபவம் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை.