பூவும் ஒரு மரக்கறிதான்

கொழும்பு நட்சத்திர விடுதிகளின் சமையற்கலைஞர்கள் அண்மைக் காலத்தில் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பை நிகழ்த்தியிருக்கிறார்கள். பூவை உண்ணலாமாம்! வெள்ளைப் பீங்கான் தட்டின் ஓரத்தில் ஊதாநிற இதழொன்றை இடுக்கியால் எடுத்துவைத்து, அதற்கும் சேர்த்து விலையை ஏற்றி, விருந்தினரின் கைபேசிக் கமராவுக்குக் காட்சி தருகிறார்கள். விருந்தினரில் பலர் படம் எடுத்துக்கொண்டு இதழைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு மாவட்ட எல்லையை ஒட்டிக் கிடக்கும் பெரியநீலாவணையில் முருங்கைப்பூச் சுண்டலைச் சோற்றோடு பிசைந்து உண்டு வளர்ந்தவன் நான். இதைக் கண்டு சிரிப்பதா, சினப்பதா என்று சிறிது நேரம் யோசித்தேன். சினப்பதென்றே முடிவு செய்தேன்.

இரண்டு கூட்டத்தார்மீது எனக்கு வழக்கு உண்டு. முதற் கூட்டம் பூவைத் தட்டுக்கு அலங்காரமாக விற்கிறது. இரண்டாவது கூட்டம் அதே பூவை உலர்த்தித் தூளாக்கிப் பொதிசெய்து சர்வரோக நிவாரணியாக விற்கிறது. முன்னவருக்குப் பூ ஒரு நகை. பின்னவருக்கு அது ஒரு குளிசை. இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக் காணாமற் போனது நம் அடுப்புச் சட்டியில் இருந்த பூ. பூ ஒரு மரக்கறி. மரக்கறியைப் போலத் தெரிந்தெடுத்து, மரக்கறியைப் போல வளர்த்து, மரக்கறியைப் போலச் சமைத்து உண்ணவேண்டிய பொருள். இதைச் சொல்வதற்கும் ஒரு கட்டுரை வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

பூக்கறி மீதான இளக்காரம் புதிதன்று. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை’ என்கிறது நம் பழமொழி. கரும்பாலை உள்ள ஊரில் இலுப்பைப்பூவை எவரும் ஏறெடுத்தும் பாரார் என்பது அதன் உட்பொருள். மத்திய இந்தியாவின் ஆதிவாசி மக்கள் இலுப்பைப்பூவை இன்றும் விடியற்காலையில் பொறுக்கி, உலர்த்தி, உண்கிறார்கள், விற்கிறார்கள், மதுவும் வடிக்கிறார்கள். நமக்கோ அது இல்லாமையின் அடையாளமாகிவிட்டது. நான் முன்பு பணியாற்றிய நாளேடு ஒன்றில், கிழக்கு மாகாணத்துப் பூக்கறிகளைப் பற்றி வாசகி ஒருவர் எழுதியனுப்பிய அருமையான குறிப்பு ‘பஞ்சகாலச் சமையல்’ என்ற ஏளனத்தோடு குப்பைக் கூடைக்குப் போயிற்று. சில வாரங்கள் கழித்து அதே பக்கத்தில், இத்தாலியர் பூசணிப்பூவுக்குள் பாற்கட்டியை அடைத்துப் பொரிக்கும் விதத்தை வண்ணப்படத்தோடு அச்சிட்டார்கள். மருதமுனை உம்மா பறித்தால் பஞ்சம். உரோமாபுரிச் சீமாட்டி பறித்தால் நாகரிகம்!

இத்தாலியரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர்கள் தம் பூவை மரக்கறிச் சந்தையில் வைத்து விற்கிறார்கள்; நான் கேட்பதும் அதுவே. வங்காளிகள் பூசணிப்பூவை மாவிலே தோய்த்துப் பொரிக்கிறார்கள். மெக்சிக்கோவில் அதைச் சோள ரொட்டிக்குள் வைத்து மடித்து உண்கிறார்கள். தாய்லாந்தில் அகத்திப்பூ புளிப்புக் கறியாகிறது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தார், நாம் வேலியோரம் படரவிட்டு மறந்துபோகும் சங்குப்பூவால் சோற்றுக்கு நீலநிறம் ஊட்டுகிறார்கள். நம் யாழ்ப்பாணத்தார் வேப்பம்பூவை உழுந்தோடு சேர்த்து வடகமாக்கி ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் சித்திரைப் புத்தாண்டு வேப்பம்பூப் பச்சடியின்றி நிறைவதில்லை. ‘பூவையா தின்பது?’ என்று முகஞ்சுளிப்பவர் ஒன்றை நினைக்கட்டும். கராம்பு என்பது விரியாத பூமொட்டு. புரியாணிக்கு நிறமும் மணமும் தரும் குங்குமப்பூ, ஒரு பூவின் சூலகமுடி. பன்னீர், உரோசா இதழின் வடிநீர். கல்முனைக் கல்யாண வீட்டில் உண்டு வெளியே வருபவர் மூன்று பூக்களை அனுபவித்துவிட்டே வருகிறார்.

நம் பெண்களின் பூக்கறியில் இருந்த அறிவைச் சற்றுக் கவனியுங்கள். பூசணிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண்பூ. அடியில் சிறு பிஞ்சைத் தாங்கி நிற்பது பெண்பூ. கறிக்கு ஆண்பூவைப் பறிப்பார்கள். அதிலும் தேனீக்கு வேலை இருக்கவேண்டுமென்று சிலவற்றை விட்டுவைப்பார்கள். வெயில் ஏறினால் பூ மூடி வாடிவிடும் என்பதால் காலையிலேயே பறிப்பார்கள். அகத்திப்பூவில் நடுவிலுள்ள கேசரத்தையும் அடியிலுள்ள பச்சைப் புல்லியையும் நீக்கினால்தான் கசப்புக் குறையும். சிவப்பு அகத்தியைவிட வெள்ளை அகத்தியே கறிக்கு உகந்தது. வாழைப்பொத்தியில் ஒவ்வொரு பூவிலும் உள்ள முற்றிய நரம்பையும் கண்ணாடிபோன்ற சிறு செதிலையும் களைந்து, கறுக்காமலிருக்க மஞ்சள் கலந்த நீரிலோ மோரிலோ இடவேண்டும். கடைசிச் சீப்பு வந்தபின் பொத்தியை வெட்டிவிட்டால் குலையும் நன்கு பருக்கும். முருங்கையில் பூப்பதெல்லாம் காய்ப்பதில்லை. மரத்தின்கீழ் பாயை விரித்துக் கிளையை மெல்ல அசைத்து, விழுந்ததை எறும்பு போகப் புடைத்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சுண்டினால் ஒரு நேரக் கறி முடிந்தது. முட்டை உள்ள வீட்டில் ஒரு முட்டையையும் உடைத்து ஊற்றுவார்கள். தாவரவியலும் சிக்கனமும் சுவையும் ஒரே சட்டியில்! இதற்கு எவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

இந்த அறிவு போன இடத்தில் இப்போது கைபேசிக் காணொளி வந்து உட்கார்ந்திருக்கிறது. அழகாயிருக்கிற பூவெல்லாம் உண்ணத்தக்கது என்று நம்புகிற ஒரு தலைமுறை வளர்கிறது. இது விளையாட்டன்று. நம் வேலிகளில் நிற்கும் அலரியும் மஞ்சள் அலரியும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு கொண்டவை. மஞ்சள் அலரியின் நஞ்சேறி வந்தோரைக் காப்பாற்றப் போராடிய அனுபவம் இந்நாட்டு மருத்துவமனைகளுக்குப் பல தசாப்தங்களாக உண்டு. கார்த்திகைப்பூச் செடியின் எல்லாப் பாகத்திலும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு; அதன் கிழங்கோ உயிர்கொல்லி. ஊமத்தை சித்தத்தைக் கலக்கும். பட்டிப்பூ என்று நாம் சொல்லும் நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. அந்த மருந்துகள் எத்தனை கடுமையானவை என்பதை அந்நோயாளரின் வீட்டார் அறிவார்கள். ஆகவே முதல் விதி இது: பெயர் தெரியாத பூவை வாயில் வைக்காதே. இரண்டாம் விதி: பெயர் தெரிந்தாலும் எந்தப் பாகம் உணவென்று தெரியாமல் வைக்காதே. சங்குப்பூவின் இதழ் நிறந்தரும். விதையும் வேரும் வயிற்றைக் கலக்கிப் போக்கும்.

மூன்றாம் விதியொன்றும் உண்டு. அதைத்தான் விடுதிக்காரர்கள் மறைக்கிறார்கள். மாலைக்கும் பூச்சாடிக்கும் வளர்த்த பூ உணவன்று. அதை வளர்த்தவர் எவரும் உண்பார் என்று எண்ணி வளர்க்கவில்லை. புழு விழாமலிருக்க மருந்தடித்திருப்பார். கத்தரிக்காய்க்கு மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்தே பறிக்கவேண்டும் என்ற கணக்காவது உண்டு. பூச்சாடிக்கு அந்தக் கணக்கு எதற்கு? உரோசா உண்ணத்தக்க பூதான். ஆனால் பூக்கடை உரோசா உண்ணத்தக்கதன்று. பூ ஒரு மரக்கறி என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உணவென்று கருதி வளர்த்தால்தான் அது உணவாகும்.

இனி இரண்டாம் கூட்டத்துக்கு வருகிறேன். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவே இல்லை என்ற பொருளில் ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. அதைப் பொதியில் அச்சிட்டு, நீரிழிவைத் தீர்க்கும் என்று சேர்த்து எழுதி விற்கிறார்கள். ஆவாரம்பூக் குடிநீரைச் சிங்கள மக்களும் ‘ரணவரா’ என்று காலங்காலமாகப் பருகுகிறார்கள். தாகத்துக்கு நல்ல பானம். நானும் விரும்பிக் குடிப்பவன். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவரின் கால்விரல்களுக்குப் பொறுப்பு யார்? சங்குப்பூத் தேநீருக்கும் இதே கூத்து நடக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 இல் அப்பூவின் சாற்றை உணவுக்கு நிறமூட்ட அனுமதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையோ, உலர்ந்த பூவையே உணவாக விற்பதற்கான விண்ணப்பத்துக்கு 2022 இல் பாதுகாப்புக் காரணங்காட்டி ஆட்சேபம் தெரிவித்தது. ஒரே பூ, சாறாக வடித்தெடுத்தால் ஒரு தீர்ப்பு, முழுப்பூவாக விற்றால் இன்னொரு தீர்ப்பு. அறிவியலார் இவ்வளவு நுணுகிப் பார்க்கும் பொருளை, நம் வியாபாரி மூளைக்கும் முடிக்கும் முதுமைக்கும் நல்லதென்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். மரக்கறிக்கு யாராவது இப்படி விளம்பரம் செய்வார்களா? வெண்டைக்காயை நாம் கறிக்கென்றே வாங்குகிறோம். பூவுக்கும் அந்த மரியாதை போதும்.

நம் முற்றங்களிலிருந்து பூ ஏன் மறைந்தது? சோம்பல் மட்டும் காரணமன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் வீடும் கிணறும் வளவும் உப்பாயின. வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்று முதலில் அறிவித்தார்கள். வளவோடு வாழ்ந்த குடும்பங்கள் பல தொடர்மாடிகளுக்கும் சிறு துண்டுக் காணிகளுக்கும் போயின. புதிய வீட்டுக்குச் சுவர் உண்டு, கூரை உண்டு, மலசலகூடம் உண்டு, முருங்கைக்கு இடமில்லை. இழந்தவற்றின் கணக்கில் படகும் வலையும் தறியும் வந்தன. அகத்தி மரத்தை எவரும் எழுதிக்கொள்ளவில்லை. வேளாண்மை வாழ்வைக் காவியமாக்கிய கவிஞர் நீலாவணன் (1931–1975) தம் புனைபெயரையே எடுத்துக்கொண்ட ஊர் இது. அந்த ஊரில் இன்று பூசணியின் ஆண்பூ எது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளே அதிகம்.

மறுப்புச் சொல்வோர் இருக்கிறார்கள். ‘ஏழைக்குச் சோறு கொடு, பூவைக் கொடுக்காதே’ என்பார்கள். நியாயமான பேச்சு. பூ பசியைத் தீர்க்காது. அரிசிக்கும் மீனுக்கும் பருப்புக்கும் அது ஈடாகாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த நாட்களில் எந்த அமைச்சராவது ‘பூவைச் சமைத்து உண்ணுங்கள்’ என்று உபதேசித்திருந்தால் முதற்கல்லை நானே எறிந்திருப்பேன். என் வாதம் வேறு. மரக்கறி வாங்கக் காசில்லாத அதே நாட்களில், வளவில் பூத்துக்கிடந்ததைக் கறியாக்கத் தெரிந்த வீட்டில் சோற்றுக்கு ஒரு துணை இருந்தது. தெரியாத வீட்டில் அதே பூவைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார்கள். அறியாமைக்கும் ஒரு விலை உண்டு. அதை எப்போதும் ஏழையே கொடுக்கிறான்.

இன்னொரு மறுப்பு, ஒவ்வாமை. மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அதற்குத்தான் கேசரத்தை நீக்கச் சொன்னார்கள் நம் பாட்டிமார். முதல்முறை சிறிதளவே உண்டு பார்ப்பதும் அவர்கள் வழக்கமே.

செய்யவேண்டியவை பெரியவை அல்ல. வீட்டுத்தோட்டத் திட்டமென்று விதைப்பொதி கொடுப்போர் அதில் ஓர் அகத்தி விதையையும் சேர்க்கட்டும். அகத்தி விரைந்து வளரும், வேலியோரம் போதும். தொடர்மாடியில் இருப்போர் பழைய உரச்சாக்கில் மணலும் சாணமும் கலந்து ஒரு பூசணியை மொட்டைமாடியில் படரவிடலாம். காய் வராவிட்டாலும் ஆண்பூ வரும். பாடசாலைத் தோட்டங்களில் பூச்செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். அதில் ‘உணவு’, ‘நஞ்சு’ என்று ஒரு சொல்லைக் கூட்டி எழுதினால் ஓர் உயிராவது தப்பும். கல்முனைச் சந்தையில் வாழைப்பொத்தி விற்கிற பெண்ணிடம் விலை பேசுவோர், பொதிசெய்த பூத்தூளுக்கு மறுபேச்சின்றிப் பணம் கொடுப்பதை நிறுத்தட்டும்.

கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் கோடைகாலத்தில் வீட்டுப் பின்புறம் பூசணி நடுகிறீர்கள். காயை மட்டும் எண்ணிக்கொண்டிராமல் ஆண்பூவையும் பறித்துச் சுண்டிப் பாருங்கள். செடி விற்கும் கடையில் பூத்துக்குலுங்கும் அலங்காரச் செடியின் இதழை மட்டும் சட்டிக்குள் போடாதீர்கள். ஊரில் அம்மாவோ உம்மாவோ பெரியம்மாவோ மாமியோ இன்னும் இருந்தால், அடுத்த தொலைபேசி அழைப்பில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பூவைக் கறியாக்கினீர்கள்? எந்தப் பாகத்தைக் களைந்தீர்கள்? எந்தப் பூவைத் தொடாதே என்று உங்கள் தாய் சொன்னார்? பதிலை எழுதிவையுங்கள். அவர்கள் போனபின் அதைச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள், காணொளிக்காரனே சொல்வான்.