மூன்று மணி நேரத் தத்துவம்

உயிரியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் இந்திய மாணவருக்குத் தத்துவம் கட்டாயப் பாடமாக வருவது ஒரே இடத்தில்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2019 இறுதியில் கொண்டுவந்த ஆய்வு, பதிப்பு நெறிமுறைப் பாடம் மொத்தம் 30 மணி நேரம். அதில் தத்துவத்துக்கும் அறவியலுக்கும் சேர்த்தே 3 மணி நேரம். தத்துவம் என்றால் என்ன, அதன் கிளைகள் எவை என்று சொல்லி முடிப்பதற்குள் அது தீர்ந்துவிடும். எதை ஓர் இனம் என்பது, எதை ஒரு நோயின் காரணம் என்பது போன்ற, ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் எழும் கேள்விகள் வெளியே நின்றுவிடுகின்றன.

இந்தக் குறைக்கு வேறு நாடுகள் கண்ட வழி பயிலரங்கு. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகமும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உயிரியல் வரலாற்றுக்கு ஒரு வாரப் பயிலரங்கை ஆண்டுதோறும் நடத்திவந்திருக்கின்றன. இத்தாலியின் இஸ்கியா தீவில் இதே நோக்கத்தோடு கோடைப் பள்ளி நடக்கிறது. உயிரியலாளர், வரலாற்றாளர், தத்துவ அறிஞர் மூவரும் இளம் ஆய்வாளர்களோடு அமர்ந்து ஒரே பொருளைப் பல நாள் பேசுவதுதான் முறை. இந்தியாவில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2019இல் ஓர் ஆவணக் காப்பகத்தைத் திறந்தது. மூலப்பொருள் சேரத் தொடங்கிவிட்டது; அதை வைத்துப் பயிற்றுவிக்கும் வழக்கம்தான் நம் கல்லூரிகளை எட்டவில்லை.

வேலூரை அடுத்த கணியம்பாடியில் இப்படி ஒரு பயிலரங்கு கூடினால் பாடப்பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எதிரே நிற்கும் ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. சந்தனம் தனித்து வாழும் மரமன்று. அதன் வேர்கள் பக்கத்துச் செடிகளின் வேர்களைப் பற்றி உணவு உறிஞ்சுகின்றன. இதை 1871இல் எழுதியவர் டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த, கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் ஸ்காட். தனி உயிரி என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

சந்தனத்தின் ஸ்பைக் நோய் இன்னும் ஆழமான பாடம். 1899இல் குடகில் முதலில் பதிவான இந்நோய் வந்தால் இலைகள் சிறுத்து, விறைத்து, முள்போல நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். மண்ணும் ஈரமும் ஒத்துவராததால் மரத்துக்குள் சாறோட்டம் நிலைகுலைகிறது என்றது ஒரு தரப்பு. ஒட்டுக்கட்டினால் நலமான மரத்துக்கும் நோய் தொற்றுகிறது என்பதை மைசூர் வேளாண் துறையின் லெஸ்லி கோல்மன் 1917இல் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத வைரஸே காரணம் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மல்பெரிச் செடியின் நோயில் மைக்கோபிளாஸ்மா போன்ற நுண்ணுயிர்களைக் கண்ட பிறகே, 1969இல் சந்தனத்தின் சாற்றுக் குழாய்களிலும் அவை தென்பட்டன. வைரஸை ஒன்றும் செய்யாத டெட்ராசைக்ளின் மருந்தைச் செலுத்தியபோது நோய்க்குறிகள் சில காலம் தணிந்ததும் வலுவான சான்றாயிற்று. ஆனால், ஒரு கிருமிதான் காரணம் என்று சொல்ல அதைத் தனியே வளர்த்துக் காட்ட வேண்டும் என்பது ராபர்ட் கோக்கின் விதி. பைட்டோபிளாஸ்மா என்று இன்று அழைக்கப்படும் இவ்வுயிர்களை அப்படி வளர்ப்பது இன்னும் எளிதில் கைகூடாத காரியமாகவே இருக்கிறது. விதி நிறைவேறாமலே அறிவியல் உலகம் ஒரு முடிவை ஏற்றது. அது ஏன் நியாயம் என்று வாதிடத் தெரிந்த மாணவர், கருவியை இயக்க மட்டும் தெரிந்தவரைவிட நிச்சயமாக மேலான ஆய்வாளர்.

கணியம்பாடி ஒன்றியமே மருத்துவ உலகம் அறிந்த களம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலவாழ்வுத் துறை பல பத்தாண்டுகளாக இங்குள்ள பிறப்பையும் இறப்பையும் ஊர் ஊராகப் பதிந்துவருகிறது. வீட்டில் நிகழ்ந்த மரணத்துக்கு உறவினரிடம் விசாரித்துக் காரணம் குறிக்கும் வாய்மொழிப் பரிசோதனை முறையில், 10 முதல் 19 வயது வரையிலானோரின் இறப்புகளை ஆராய்ந்த கட்டுரை 2004இல் லான்செட் இதழில் வந்தது. அது காட்டிய தற்கொலை விகிதம் காவல்துறைப் பதிவுகளைச் சார்ந்த தேசியக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம். யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், எந்தப் பெயரில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்து மரணத்தின் காரணம் பதிவேட்டில் மாறுகிறது. இளம் உயிர்களைக் காக்கும் முயற்சியே இந்தப் பதிவைச் சார்ந்திருக்கும்போது, காரணத்தைப் பற்றிய விசாரணையை வெறும் ஏட்டுச் சர்ச்சை என்று தள்ளிவிட முடியாது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். இருபது மாணவர், ஐந்து நாள், எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வனத்துறைக் கோப்புகளிலிருந்து சில படிகள், சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள், பதிவேடுகளைப் பேணும் மருத்துவர்கள் போதும். விவாதம் தமிழில் நடப்பதும் அவசியம். காரணம் வேறு, காரணி வேறு என்று பாடநூல் தமிழ் பிரித்துவைத்திருக்கிறது. இவற்றோடு 'ஏது' என்ற சொல்லும் பழந்தமிழில் உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தின் உறுப்புகளை வரிசையாக விளக்குகிறது. ஸ்பைக் நோய் பற்றிய கோல்மனின் வாதத்தை அந்த உறுப்புகளில் பிரித்து எழுதச் சொல்வது முதல் நாள் பயிற்சியாகலாம்.