வீட்டினுள் நோயுற்ற சுண்டெலி

விருதுநகர் ஜில்லாவில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் அறுவடையாகி, நிலம் வெறுமையாகும் காலத்தில், சுண்டெலிகள் இரைதேடி ஊருக்குள் புகுவது இயல்பு. அவற்றுள் ஒன்று பட்டப்பகலில், ஆளைக் கண்டும் ஓடாமல், மயிர் சிலிர்த்து, அடுப்பங்கரை மூலையில் தள்ளாடிக் கிடப்பதைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். விநாயகர் வாகனமென்று இரங்கிச் சிறுவர் அதனைக் கையிலெடுப்பதும், பெரியவர் வாலைப் பிடித்துத் தெருவில் வீசியெறிவதும் வழக்கமாயிருக்கின்றன. இவ்விரண்டும் தவறு.

ஓட வேண்டிய பிராணி ஓடாதிருக்குமாயின், அது காயப்பட்டிருக்க வேண்டும், அல்லது விஷம் தின்றிருக்க வேண்டும், அல்லது வியாதி கொண்டிருக்க வேண்டும். இன்னதென்று பார்வையால் அறிய இயலாது. ஆகையால் ஒவ்வொன்றையும் வியாதியுள்ளதாகவும் விஷமுண்டதாகவும் கருதி நடப்பதே விவேகம்.

முதலில் வியாதியைக் கவனிப்போம். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் கலந்த நீரின் வழியாகக் காலிலுள்ள வெடிப்பிலும் புண்ணிலும் புகுவது. அக்கிருமியைச் சுமக்கும் எலி பெரும்பாலும் நலமாகவே தோன்றும். பிளேக் அவ்வாறன்று, அது எலிகளையே முதலில் கொல்லும். எலி மாண்டு உடல் குளிர்ந்தபின் அதிலுள்ள தெள்ளுப்பூச்சிகள் மனிதரை நாடுகின்றன என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898-ல் இந்தியாவிலிருந்தபோது கண்டறிந்தார். 1994 ஆகஸ்டில் மகாராஷ்டிர மாகாணத்து பீட் ஜில்லாவைச் சேர்ந்த மாம்லா கிராமத்தில் எலிகள் செத்து விழுந்தன. அடுத்த மாதம் அந்த ஜில்லாவிலும், குஜராத்தின் சூரத் நகரிலும் பிளேக் பற்றிய செய்தி பரவி, ஜனங்கள் பெருந்திரளாகச் சூரத்தை விட்டு ஓடினர். நம் ஜில்லாவில் இன்று அத்தகைய அச்சத்துக்கு இடமில்லை. ஆயினும் ஓர் எலி சாவது வீட்டுக் காரியம், பல எலிகள் காரணமின்றிச் சாவது ஊர்க் காரியம் என்னும் பாடத்தை மறத்தலாகாது.

இனி விஷம். சிவகாசி வட்டாரத்தார் இதனை மற்றெவரினும் நன்கு உணரத்தக்கவர். வெண் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த மேல்நாட்டுத் தொழிலாளர்க்குத் தாடையெலும்பு அழுகியமையால், இந்தியாவில் 1913-ம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வகைத் தீக்குச்சி விலக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, கல்கத்தாவில் தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். இவ்வாறு தொழிற்சாலைக்கு ஆகாதென்று தள்ளப்பட்ட அதே பொருள், மஞ்சள் பாஸ்பரஸ் என்னும் பெயரால் எலிப்பசையாகி வீட்டினுள் நுழைந்தது. அதனை உண்டவர்க்கு முதல்நாள் வாந்தி கண்டு, பின் குணமானதுபோல் தோன்றி, சில நாளில் ஈரல் கெட்டு உயிர் போதல் உண்டு. அதற்கு மாற்று மருந்து இல்லை. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அதன் விற்பனைக்குத் தடை விதித்துள்ளனர். பழைய குழாய் எதுவும் பரணில் தங்கியிருப்பின், அதனை வைத்திருத்தல் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

புரோமடையோலோன் போன்ற விஷங்களை உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் சோர்ந்து திரிந்து, உள்ளே இரத்தம் கசிந்தே இறக்கும். அதனைத் தெருவில் எறிந்தால் பூனையும் நாயும் கூகையும் தின்று கெடும். வயற்புறத்து எலியை விலையின்றிப் பிடித்துத் தரும் கூகையைக் கொல்வது குடியானவர் தம் வேலைக்காரனைத் தாமே கொல்வதாகும்.

ஆதலின் செய்யத்தக்கது இது. குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் விலக்கி, எலிமேல் ஒரு பழஞ்சட்டியைக் கவிழ்க்க வேண்டும். கையுறையோ, தடித்த பிளாஸ்டிக் பையோ அணிந்தே எடுக்க வேண்டும். பிழைக்கும் நிலையில் இல்லாததை ஒரே அடியில் முடிப்பது கருணை. நீரில் அமிழ்த்துவது கொடுமை. பின்னர் கிணற்றுக்கு எட்டத்தில் இரண்டடி ஆழத்தில் புதைத்தல் வேண்டும். புழுக்கை கிடந்த இடத்தை உலரப் பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, பத்து நிமிஷம் கழித்துத் துடைக்க வேண்டும். கடிபட்டால் சோப்பிட்டு நன்கு கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், எலியைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

இதனினும் முக்கியம், எலி வரும் வழியை அடைப்பது. சுண்டுவிரல் நுழையும் துவாரம் சுண்டெலிக்கு வாசலாகும். தானிய மூட்டைகளைப் பலகைமேல், சுவருக்கு ஒரு முழம் தள்ளி அடுக்கி, வீட்டுக்குள் விஷத்துக்குப் பதிலாகப் பொறியையே வைப்பது நலம். கிராம அதிகாரிகளோ, ஒரே தெருவில் பல எலிகள் மாண்டதாகக் கேள்விப்பட்ட அன்றே சுகாதார ஆய்வாளருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். விசாரித்தபின் அது வெறும் விஷச்சாவு என்று தெரிந்தால் நஷ்டம் ஒரு நாள் அலைச்சலே. அறிவியாது விட்டு அது வேறாக இருப்பின், நஷ்டத்தை ஊரார் அனைவரும் ஏற்க நேரிடும்.